விண்ட்ஸ்கிரீன் மாத்தி எட்டு மாசம், இன்னும் பழகேல்ல

நேத்து மச்சான் ஒருத்தன் கோல் எடுத்து, "கார் முன் கண்ணாடியில கல்லடி, மாத்தவா விடவா" எண்டு கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கயும் போடுறன். கோபத்தில எழுதுறன், கூடக்குறைய இருக்கும்.

எனக்கு ஹைவேயில வெலிப்பன்னைக்குக் கிட்ட டிப்பர் ஒண்டில இருந்து கல் பறந்து வந்து அடிச்சது. சிலந்தி வலை மாதிரி வெடிச்சு அப்பிடியே நிண்டுது, மடியில ஒரு துணுக்கு விழேல்ல. லாமினேட்டட் எண்டா அதுதான், ரெண்டு கண்ணாடிக்கு நடுவில 0.76 மில்லிமீட்டர் பிவிபி எண்ட பிளாஸ்டிக் ஷீட், உடைஞ்சதை அது பிடிச்சு வச்சிருக்கும். கதவுக் கண்ணாடி டெம்பர்ட், அந்தக் கதை வேற. ரெண்டு வருஷத்துக்கு முதல் வெள்ளவத்தையில எவனோ இடது பக்க ஷட்டர் கண்ணாடியை உடைச்சிட்டுப் போக, சீட் முழுக்கக் கற்கண்டு மாதிரி கொட்டிக் கிடந்தது, போன கிழமை கூட சீட் ரெயிலுக்குள்ள இருந்து ஒண்டு எடுத்தன்.

சரி விஷயத்துக்கு வாறன். பஞ்சிகாவத்தையில ஒரு கடையில புதுசு போட்டன். மூலையில தர முத்திரை, வட்டத்துக்குள்ள E எழுத்து, 43R, லாமினேட்டடுக்குரிய ரோமன் ரெண்டு எல்லாம் ஒழுங்கா இருக்கு. கண்ணாடி பூட்டின பாஸின்ர வேலையில பிழை சொல்ல ஏலாது, "பசை காயோணும், ஒரு நாளைக்கு ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி வைங்க, கதவை அடிச்சு மூடாதீங்க" எண்டு ரெண்டு தரம் சொல்லி விட்டவர். இவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு உள்ள வரேல்ல. பசை சரியில்லாட்டி பக்கத்து சீட் ஏர்பேக் விரியேக்க கண்ணாடியையே வெளிய தள்ளிடும், அதால அந்த மனுஷனுக்கு நன்றி.

ஆனா இரவில காலி வீதியில ஓடிப் பாக்கோணும். எதிர வாற ஒவ்வொரு த்ரீவீலுக்கும் லைட்டுக்கு மேல மங்கலா இன்னொரு லைட்! கண்தான் பழுது எண்டு நினைச்சு டொக்டரிட்டயும் போய்க் காசு குடுத்தன். பிறகு ஒருநாள் சிக்னல்ல நிக்கேக்க ஷட்டருக்கு வெளிய தலையைப் போட்டுப் பார்த்தா ஒண்டு, கண்ணாடிக்கால பார்த்தா ரெண்டு. கண்ணாடிக்குள்ள வெளிச்சம் தெறிச்சு வாற ரெண்டாவது உருவம் அது, எல்லா விண்ட்ஸ்கிரீன்லயும் கொஞ்சம் இருக்கும், நல்லதில கண்ணுக்குப் பிடிபடாது. லாமிசேஃப் எண்டு எழுதியிருந்த என்ர பழைய ஜப்பான் கண்ணாடியில ஒருக்காவும் தெரிஞ்சதில்ல. கடைக்காரரிட்டச் சொன்னா "பழகிடும் சேர்" எண்டுறார்.

பாதுகாப்புக்கு 10க்கு 9 குடுப்பன். ஆனா திரும்ப இதைப் போடமாட்டன், பாவிச்ச ரீகண்டிஷன் எண்டாலும் ஒரிஜினல்தான். மச்சான்ர கல்லடி அஞ்சு ரூபா குத்தியை விடச் சின்னன், ட்ரைவர் பார்க்கிற பக்கமும் இல்ல, வெடிப்புக்குள்ள ரெசின் பசை ஏத்து போதும் எண்டன். மாத்தியே ஆகோணும் எண்டா இருட்டினாப் பிறகு போய், கண்ணாடியைச் சாய்ச்சுப் பிடிச்சு தூரத்து லைட் ஒண்டை அதுக்கால பார் எண்டும் சொன்னன். நான் போனது பகல் பதினொரு மணிக்கு.