ட்ரீட் பண்ண பாலியஸ்டர் ஃபில்டர் பேக், லேபிள மட்டும் நம்பாதீங்க

ஹவுசிங்குக்குள்ள (ஃபில்டர் உக்காருற மூடுன கூடு) மாட்டுற ஃபெல்ட் பேக் தான், பாலியஸ்டர், 10 மைக்ரான் அளவு அழுக்கு வரைக்கும் பிடிக்கிறது, தண்ணி லைனுக்கு. சாதா பேக் ஓட்டிட்டு இருந்தோம், இப்ப "ஹைட்ரோஃபிலிக் ட்ரீட்டட்"னு, அதாவது தண்ணிய இழுக்குற மாதிரி ட்ரீட் பண்ணதுன்னு, லேபிள் ஒட்டி வர்றத வாங்கிப் போட்டாச்சு. தண்ணிக்கு நிச்சயமா நல்லா இருக்கு, அத மொதல்லயே சொல்லிடறேன்.

பாலியஸ்டர் நாருக்கும் தண்ணிக்கும் ஆகாது. சாதாரண காத்துல அது இழுக்குற ஈரம் 0.4 சதவீதம் தான், பருத்தி 7, 8 வரைக்கும் போகும். அதனால புது சாதா பேக்க மாட்டி பம்ப் போட்டா ஃபெல்ட்டுக்குள்ள அங்கங்க காத்து சிக்கிக்கும், அந்த இடத்துல தண்ணி போகாது, மிச்ச இடம் தான் எல்லாத்தையும் சுமக்கணும், பிரஷர் கேஜ் முள்ளு ஆரம்பத்துலயே மேல ஏறி நிக்கும். இதுல அந்த தொல்லை இல்ல. ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாத்தேன், சாதா பேக்ல முத்து மாதிரி உருண்டு நிக்குது, இதுல விட்ட உடனே உள்ள போயி ஒரு ஈர வட்டம் மட்டும் தெரியுது.

சரி, என்ன ட்ரீட்மெண்ட்? இங்க தான் சிக்கல். விக்கிறவர்கிட்ட கேட்டா "கெமிக்கல் ட்ரீட்மெண்ட் சார்"னு முடிச்சுட்டார், அது எனக்கும் தெரியுதுங்க. ஒரு வழி, சூடான காஸ்டிக் சோடா கரைசல்ல நார ஓட்டி எடுக்கறது, பாலியஸ்டர் மூலக்கூறுங்கள கோத்து வெச்சிருக்குற எஸ்டர் கட்டு மேல்பரப்புல மட்டும் உடைஞ்சு கார்பாக்சில், ஹைட்ராக்சில் குரூப்புங்க வெளிய வரும், அதுங்க தண்ணிய இழுக்கும். மேல்தோல் கரையறதால எடை குறையும், நார் குழி குழியா ஆகும், டெக்ஸ்டைல்ல வெயிட் ரிடக்ஷன்னு சொல்றாங்களே அதே வேலை. அளவு மீறுனா நாரோட ஸ்ட்ரென்த் போயிடும். இன்னொரு வழி மேல ஒரு ஃபினிஷ் (மெல்லிசா ஒரு கெமிக்கல் பூச்சு) ஏத்தி காய வைக்கறது, நாருக்கு சேதம் இல்ல, ஆனா மட்டமான ஃபினிஷ்னா கழுவக் கழுவ போயிடும். லேபிள்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை தான்.

அதனால ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, வெதுவெதுப்பான சோப்பு தண்ணில அலசி, அப்புறம் நல்ல தண்ணில நுரை சுத்தமா போற வரைக்கும் அலசி (சோப்பு மிச்சம் இருந்தா அதுவே துணிய நனைச்சு ஏமாத்திடும்), காய வெச்சு திரும்ப சொட்டு விடுங்க. எங்களுக்கு வந்த மொத லாட் கொஞ்சம் மெதுவா இருந்தாலும் உறிஞ்சுச்சு, அடுத்த லாட் அதே பேர்ல அதே பாக்கெட்ல வந்து, அலசினதும் பழையபடி உருண்டு நின்னுச்சு. இதுக்கு தான் எனக்கு கோவம்.

இன்னொன்னு, ட்ரீட் பண்ணிட்டாங்கன்றதால 10 மைக்ரான் 5 மைக்ரான் ஆயிடாது, அது நார் எவ்ளோ மெலிசு, ஃபெல்ட் எவ்ளோ நெருக்கம்ன்றத வெச்சு வர்றது, அதுவும் ஃபெல்ட் பேக்ல போடுறது நாமினல் ரேட்டிங் தான், அதாவது தோராயமான அளவு. காஸ்டிக் கலந்த தண்ணி ஓடுற லைன்ல பாலியஸ்டரே வேணாம், ட்ரீட்மெண்ட்ல நடந்த அதே கரைப்பு உங்க ஹவுசிங்குக்குள்ள தொடர்ந்து நடக்கும், அங்க பாலிப்ரொப்பிலீனுக்கு போங்க. டீசல்ல இருந்து தண்ணிய தடுத்து நிறுத்தணும்னா இதுக்கு நேர் எதிர், தண்ணிய தள்ளுற ஃப்ளோரோகார்பன் ட்ரீட்மெண்ட் வேணும். தூசி பிடிக்கிற பேக் ஹவுஸ் ஆளுங்களும் உஷார், பாலியஸ்டருக்கு சொல்ற 135 டிகிரி செல்சியஸ் காஞ்ச காத்துக்கு தான், சூட்டோட ஈரமும் சேந்தா அதுக்கு ரொம்ப கீழயே நார் நொறுங்க ஆரம்பிக்கும்.

பேக்கோட வேலைப்பாடு பரவால்ல. வெளிப்பக்கம் நல்லா சுட்டு மழமழன்னு ஆக்கிருக்காங்க, நார் உதிர்ந்து தண்ணில வரல. மேல் வளையம் கெட்டியா உக்காருது. ஓரம் மட்டும் தையல், ஊசி ஓட்டை வழியா சன்னமா அழுக்கு கசிஞ்சு வெளிப்பக்கம் கோடு போட்ட மாதிரி தெரியுது, அடுத்த ஆர்டர்ல இதே ட்ரீட்மெண்ட்ல தையல் இல்லாம சூட்டுல உருக்கி ஒட்டுன (வெல்டிங் பண்ண) ஓரம் கிடைக்குமான்னு கேட்டிருக்கேன்.