லாரா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ: புது செயின் டென்ஷனர் எப்படி?

புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் பிஒய் 01 எண்ணோடு ஸ்கோடா லாரா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ வண்டிகள் நிறைய ஓடுகின்றன. இப்போது செகண்ட் ஹேண்டில் கடலூர், விழுப்புரம் என்று கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், ஏசி போட்டுப் பார்க்கிறார்கள். கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் பழசா புதுசா என்று கேட்பவர் அபூர்வம். இந்த இன்ஜினில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம்தான் டென்ஷனரின் பிஸ்டனைத் தள்ளிச் செயினை இறுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது பிஸ்டன் பின்வாங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரு சின்னப் பல் கொக்கி. 06எச் என்று எண் தொடங்கும் பழைய டென்ஷனரில் இந்தக் கொக்கி வழுக்கும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கரகரவென்று சத்தம் வந்து அடங்கினால், செயின் தொய்ந்திருக்கிறது என்று பொருள். செயின் பல் தாவிவிட்டால் இன்ஜினின் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளையும். பிறகு ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும்.

கடலூர் கேப்பர் மலைச் சரிவு மாதிரி இடத்தில் மேட்டைப் பார்த்தபடி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் மட்டும் விட்டுப் போவது பழைய டென்ஷனருக்கு எமன். வண்டியின் எடை இன்ஜினைத் தலைகீழாகச் சுற்றப் பார்க்கும், மொத்தச் சுமையும் அந்தக் கொக்கி மேல் விழும்.

மேம்படுத்திய டென்ஷனரின் எண் 06கே 109 467 கே. வெளிக்கொக்கியை எடுத்துவிட்டு, பிஸ்டனின் பள்ளங்களில் உட்காரும் கம்பி வளையம் வைத்திருக்கிறார்கள். பிடிப்பு உறுதி, பழையது இருந்த இடத்திலேயே எந்த மாற்றமும் இல்லாமல் உட்காரும். இப்போது உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பார்க்க எதையும் பிரிக்க வேண்டாம். கீழ் டைமிங் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாமான் நல்ல சாமான். ஆனால் அதை மட்டும் வாங்கி மாட்டாதீர்கள். டென்ஷனரைத் தொட வலது பக்க இன்ஜின் மவுண்டைக் கழற்றி, கிராங்க் புல்லியை எடுத்து, கீழ் கவரையும் பிரிக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். அதே கூலியில் செயின், கைடுகள், கிராங்க் முன் சீல், கீழ் கவர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாம். கவர் தகடால் ஆனது. சீலன்ட் ஒட்டியிருப்பதால் நெம்பி எடுக்கும்போது வளையும். வளைந்ததையே திரும்ப மாட்டினால் ஆயில் கசியும். ஸ்கேனர் இருந்தால் முன்கூட்டியே 93-ஆம் அளவீட்டுத் தொகுதியில் கேம் ஷாஃப்டின் நிலையைப் பாருங்கள். மைனஸ் 4 டிகிரியை நெருங்கினால் செயின் நீண்டுவிட்டது, டென்ஷனர் மட்டும் போட்டுப் பயனில்லை.

மாட்டும்போது கை தவறுகிற இடங்கள் சில உண்டு. மேலே கேம் கன்ட்ரோல் வால்வுக்கு இடது மரை. வழக்கம் போலத் திருப்பினால் இறுகும், மீறினால் உடையும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்டில் பூட்டும் சாவிக்கட்டை (கீ) கிடையாது, புல்லியோடு பற்கள் கோத்துத்தான் நிற்கிறது. அதனால் புல்லி வெளியே வந்ததும் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து வைக்கும் கருவி இல்லாமல் வேலையில் இறங்க வேண்டாம். புல்லி போல்ட் ஒருமுறைதான் பயன்படும்: புதியதைப் போட்டு 150 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 டிகிரி. டென்ஷனர் போல்ட்டுக்கு வெறும் 9 நியூட்டன் மீட்டர்தான். அலுமினியத்தில் இறங்கும் மரை அது, டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை பலத்தில் இறுக்கினால் மரை போய்விடும். செயினை மாட்டி, நிறக் கண்ணிகளை ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருத்திய பிறகே டென்ஷனரின் பூட்டு ஊசியை உருவ வேண்டும்.

பிறகு ஸ்பானர் போட்டு, கிராங்க்கை ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். நிறக் கண்ணிகள் பழைய இடத்துக்கு வரவில்லையே என்று பதறி மறுபடி பிரித்தவர்கள் உண்டு. அவை பல சுற்று கழித்துத்தான் திரும்பி வரும். கிராங்க், கேம் குறிகள் நேரில் நின்றால் போதும்.

ஆயில் ஃபோக்ஸ்வேகன் 502.00 தரத்தில் 4.6 லிட்டர். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃப்யூல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, சில நொடி செல்ஃப் அடித்து அழுத்தம் ஏற விடுங்கள். ஆயில் ஏறாத காலி டென்ஷனரோடு இன்ஜினை எழுப்பினால் அந்த முதல் சில நொடிகளில் புதுச் செயினும் தொய்ந்துதான் ஓடும்.