கட்டாரா, பட்டமா, கைத்தொழிலா?

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில், உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு வீட்டில் இந்த மூன்று வழிகளைத்தான் பேசுவார்கள். ஊர் நிமிர எது உதவும் என்பதுதான் என் கேள்வி.

கட்டார், சவூதிக் காசு உடனே வரும். 2022 நெருக்கடியில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தது அந்தக் காசுதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் வீடு கட்ட வாங்கும் சீமெந்து, கம்பி, டைல்ஸ் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. காசு ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. ஏசி திருத்தப் பழகி வருபவர் கையில் தொழிலோடு வருகிறார். பத்து வருடம் வீட்டுவேலை செய்த அக்கா உடல்வலியோடு வருகிறார்.

பட்டத்துக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. படிப்பில் பிழையில்லை, காத்திருப்பில்தான் பிழை. வேலையற்ற பட்டதாரிகள் 2017இல் மட்டக்களப்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுக்கும் திட்டம் வந்தது. மாதப்படி 20,000 ரூபாய். கற்றது மறக்கிற வயதில் காத்திருக்கவைப்பது பெரிய அநியாயம்.

என் மனம் சாய்வது மூன்றாவது வழிக்கு. பெரும்போக அறுவடையில் ஒருநாள் எங்கள் வயல் வட்டையில் வெட்டு மெசின் நின்றுவிட்டது. பெயரிங் போய்விட்டது. வானம் கறுத்து வர, "மனே, நெல் நனைஞ்சா ஒருத்தனும் எடுக்கமாட்டான்" என்று பெரியப்பா வரம்பில் நின்று தவித்தார். முன்பென்றால் கல்முனைக்கு ஆளனுப்ப வேண்டும். அன்று பக்கத்து ஊர்ப் பையன் சைக்கிளில் வந்தான், என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டம் முடித்தவன். சேற்றில் சாக்கை விரித்துப் படுத்து, பழையதைத் தட்டிக் கழற்றிப் புதியதைப் பூட்டினான். ஒன்றரை மணித்தியாலத்தில் மெசின் ஓடியது. கூலி ஊருக்குள்ளேயே நின்றது, நெல்லும் தப்பியது. கூட நின்று சாவி எடுத்துக் கொடுத்த இரண்டு பெடியன்கள் இன்று தாங்களே பெல்ட் மாற்றுகிறார்கள். ஒருவரின் திறமை அருகிலிருப்பவர்களின் உழைப்பையும் உயர்த்தும் என்று பொருளியலாளர் ராபர்ட் லூகாஸ் 1988இல் எழுதியதை நான் அந்த வரம்பில் கண்டேன்.

ஆனால் கலியாணம் பேசப் போனால் முதல் கேள்வி, "கவர்மெண்ட் உத்தியோகமா?" கடைசல் மெசின் வாங்கக் கடன் கேட்டால் பிணைக்கு இரண்டு அரச ஊழியர் வேண்டும் என்கிறார்கள். அலைந்து களைத்து, போன மாதம் அந்த மெசின் திருத்திய பையனும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். அந்தப் பெடியன்கள் இன்னும் கியர்பொக்ஸ் கழற்றப் பழகவில்லை.