குளிர்காய இரும்புச் சட்டி: டிரம் வெட்டியதா, தகட்டில் செய்ததா?

மார்கழிக் குளிருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத் தோட்டங்களில் வெறும் தரையில் நெருப்பு மூட்டுவதைவிட, கால் வைத்த இரும்புச் சட்டியில் மூட்டுவது எவ்வளவோ மேல். தணல் சிதறாது, காற்றுக்குச் சருகு வந்து விழாது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வெல்டிங் பட்டறைகளில் சொன்னால் செய்து தருவார்கள். 200 லிட்டர் டிரம்மை வெட்டிக் கால் வைத்தது ஒன்று, 3 மி.மீ. தகட்டில் செய்தது இன்னொன்று. தகட்டுச் சட்டியையே வாங்குங்கள்.

டிரம் மலிவு. ஆனால் அதன் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. கனம்தான். சூட்டில் அடி நெளியும், மழையில் கிடந்தால் துருப்பிடித்து ஓட்டை விழும். அதைவிடக் கவலை, முன்பு அதில் என்ன இருந்தது என்பது. உள்பூச்சும் மிச்சமிருக்கும் ரசாயனமும் எரிந்தால் வருவது நச்சுப் புகை. பெயின்ட் தின்னர் இருந்த டிரம்மைக் கேஸ் கட்டிங்கில் வெட்டினால் வெடிக்கலாம். வெட்டுகிறவர் உயிருக்கே ஆபத்து. ஜி.ஐ. தகடும் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் நடுக்கமும் காய்ச்சலும் வரும்.

தகட்டுச் சட்டி 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் போதும். ஐந்தாறு பேர் சுற்றி உட்காரலாம். காலோடு 12 கிலோ அளவில் வரும், ஒரே ஆள் தூக்கலாம். இதைவிடப் பெரிதாக வாங்கினால் விறகும் அதிகம் போடத் தோன்றும்.

பட்டறையில் முதலில் பார்க்க வேண்டியது கால்கள். மேடுபள்ளத்தில் மூன்று கால் ஆடாமல் நிற்கும், நான்கு கால் ஆடும். ஆனால் மூன்றையும் அடியில் நெருக்கி ஒட்டவைத்தால் சட்டி சாயும். இரண்டு காலுக்கு நடுவே விளிம்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கால் தரையைவிட்டு எழும்பினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால்கள் விளிம்பு வரை விரிந்து, அடித்தகடு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கீழுள்ள புல் கருகிப் பற்றிக்கொள்ளும்.

அடியில் 8 மி.மீ. துளை நாலைந்து போடச் சொல்லுங்கள். மழைத்தண்ணீர் வடியும், பெரிய தணல் விழாது. கம்பிவலை மூடி கேட்டு வாங்குங்கள். அது இல்லாத சட்டி அரைகுறைதான். பெயின்ட் அடிக்க வேண்டாம், முதல் நெருப்பிலேயே உரிந்து நாறும். எண்ணெய் தடவி வைத்தால் போதும். விலையை எடைக்குப் பேசுங்கள், தகட்டின் கனத்தில் ஏமாற்ற முடியாது.

எவ்வளவு நல்ல சட்டியானாலும் இடம் தப்பாக இருந்தால் பயனில்லை. சுற்றி மூன்று மீட்டர் சருகைக் கூட்டுங்கள். மேலே கிளை தாழ்ந்திருக்கக் கூடாது. கேழ்வரகு அறுப்பு முடிந்து களத்தில் தாள்போர் நிற்கும் காலம் இது. சட்டியிலிருந்து போரை நோக்கிக் காற்று வீசும்படியான இடத்தில் சட்டியை வைக்காதீர்கள். காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு மூட்டவே வேண்டாம்.

கொட்டாங்குச்சி, தேங்காய் நார், அதன்மேல் விரல் கனச் சுள்ளி. அது பற்றியதும் மணிக்கட்டுக் கனத்தில் மூன்று விறகு. சீமைக்கருவேலம் நின்று எரியும், காய்ந்த மாங்கட்டையும் நல்லது. இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம், புகைதான் வரும். மூங்கிலைப் பிளக்காமல் போட்டால் கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடாகி வெடித்துத் தணல் பறக்கும். அரளிக் குச்சி ஒன்றுகூடச் சேரக் கூடாது, அதன் புகையே நஞ்சு. பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கத்திலேயே இருக்க வேண்டாம்.

சட்டி கையில் இருக்கிறதென்று அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டுப் பக்கம் கொண்டு போய்விடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தரையில் மூட்டினாலும் சட்டியில் மூட்டினாலும் ஒன்றுதான்.

அணைக்கத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. இரண்டு குடம் தண்ணீரை மூட்டும் முன்பே கொண்டுவந்து வையுங்கள். விறகு தணலாகி அடங்கிய பிறகு கையால் தெளியுங்கள். சிவக்கக் காய்ந்த இரும்பில் மொத்தமாக ஊற்றினால் தகடு முறுக்கிக்கொள்ளும், ஆவி முகத்தைச் சுடும். தெளித்து, குச்சியால் கிளறி, மறுபடி தெளித்து, புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்தச் சாம்பலை விடிந்ததும் எருக்குழியில் கொட்டி, குழியே புகைவதும் உண்டு. இரும்பு வாளியில் ஒரு நாள் முழுக்க ஆறவைத்துக் கொட்டுங்கள்.