நாலு மெஷினுக்குப் போதுமாக இருந்த நோட்டு

2018-இல் திருப்பூரில் நாலு தையல் மெஷின் போட்டு, பிறருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் தொடங்கினேன். அன்றைக்கு என் நிர்வாகம் முழுவதும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டில் இருந்தது. காலையில் வேலைகளை எழுதுவேன், முடிந்ததை அடிப்பேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றுவேன். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை எழுதாமல் உடனே செய்துவிட வேண்டும் என்ற விதியையும் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் அருமையாக ஓடியது. இப்போது 22 பேர் வேலை பார்க்கிறார்கள்.

முதலில் காலை வாரியது அந்த இரண்டு நிமிட விதிதான். பன்னிரண்டு பேர் ஆனதும், "அண்ணா, நூல் கோன் தீர்ந்துருச்சுங்க", "இந்த பண்டலை எங்க வைக்கிறதுங்க?" என்று எல்லாமே இரண்டு நிமிட வேலையாக வந்தது. பகலெல்லாம் அதற்கே ஓடிவிட்டு, ஆர்டர் தரும் பார்ட்டிக்குக் கொடுக்க வேண்டிய கொட்டேஷனை ராத்திரி பதினொரு மணிக்குத்தான் தொடுவேன். விதியில் தப்பில்லை. அது தனி ஆளுக்கானது. இப்போது நூல், ஊசி, எண்ணெய் எல்லாம் 2,000 ரூபாய் வரைக்கும் செக்கிங் அக்காவே முடிவு செய்துவிடுவார், என்னைக் கேட்பதில்லை.

அடுத்த அடி நோட்டுக்கே விழுந்தது. காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டேன். "போலோ 300, லேபிள் கேள்" என்று எழுதி வைத்திருந்தேன். லேபிள் மாறுகிறதா என்று பார்ட்டியிடம் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைப் படித்த சூப்பர்வைசர் ஸ்டோரில் லேபிளைக் கேட்டு வாங்கி, பழைய லேபிளையே 300 பீஸிலும் வைத்துத் தைத்துவிட்டார். பிரித்துத் தைக்க இரண்டு நாள். அவரைத் திட்ட என்ன இருக்கிறது? எனக்கு நானே போட்டுக்கொண்ட முடிச்சை இன்னொருவர் எப்படி அவிழ்ப்பார்? அதிலிருந்து எந்த ஆர்டர், யார் செய்வது, எப்போதைக்குள் என்ற மூன்றும் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை.

அப்புறம் ஒரு மொபைல் ஆப்புக்கு மாறினோம். மூன்று மாதம் நான் மட்டும்தான் பார்த்தேன். துணியில் கை வைத்திருக்கும் டெய்லர் போனை எங்கே எடுப்பார்? கடைசியில் கட்டிங் டேபிள் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். வந்தது, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், போனது என்று ஆறு கட்டம், ஆர்டருக்கு ஒரு அட்டை. இதற்குப் பெயர் கன்பான், டொயோட்டாவில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலையில் பிறந்த முறையை ஜனங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொண்டிருக்க, நான் சுற்றி வளைத்து மறுபடி தொழிற்சாலைக்கே கொண்டுவந்திருக்கிறேன்!

பலகையில் உண்மையான மருந்து ஒன்றுதான். தையல் கட்டத்தில் மூன்று அட்டைக்கு மேல் கிடையாது. முன்பு போன் அடிக்கிற பார்ட்டிக்கெல்லாம் "மெஷின்ல ஏத்தியாச்சுங்க" என்பேன். அஞ்சு ஆர்டர் அரைகுறையாக நிற்கும், பண்டல்கள் கலந்துபோகும். இப்போது "புதன்கிழமைதான் ஏறும்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு பார்ட்டி போயே போய்விட்டார். வருத்தம்தான், ஆனாலும் மாற்றுவதாக இல்லை.

ஆள் கூடக்கூட நோட்டில் இல்லாத தேதிகளும் வந்து சேர்ந்தன. பத்துப் பேரானால் இஎஸ்ஐ, இருபதானால் பிஎஃப், இரண்டுக்கும் மாதாமாதம் 15-ஆம் தேதி கெடு. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குகளுக்கு 11, 20 தேதிகள். இவற்றை மனதில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். மூன்று நாள் முன்னால் கணக்காளரே என்னை எழுப்புகிறார்.

பழைய நோட்டில் இன்னும் பயன்படுவது, பிறரிடமிருந்து வர வேண்டியதைக் குறிக்கும் பக்கம். இப்போது அதில் பாக்கிப் பணம்தான் இருக்கிறது. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். பிந்தினால் பார்ட்டி வருமான வரிக் கணக்கில் எங்கள் பில்லை, பணம் கொடுத்த வருஷத்துச் செலவாகத்தான் காட்ட முடியும். 2024 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்த பிறகு, பில் தேதிக்குப் பக்கத்திலேயே கெடுவையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு ஆய்வு இப்போது திங்கள் காலை டீயோடு பலகை முன்னால் பத்து நிமிடம், எல்லோரும் நின்றபடியே. வெளியே பிரிண்டிங்குக்குப் போகும் சரக்குதான் இந்தப் பலகைக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த அட்டையில் சிவப்புக் காந்தம் ஒட்டுகிறோம். அது எப்போது திரும்பும் என்று தெரிய, வண்டியை எடுத்துக்கொண்டு நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.