கீழாநெல்லி: கட்டாக வாங்குங்கள், பொட்டலம் வேண்டாம்

திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் நாட்டு மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லும் கடையில் பெயர்ப்பலகை வெளுத்துப்போய் எழுத்தே தெரியாது. வாசலில் ஈரச் சாக்கு விரித்துப் பச்சை மூலிகைக் கட்டுகளைப் பரப்பியிருப்பார்கள், அதுதான் அடையாளம். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். மற்ற கடைகளில் முகம் சுளிப்பார்கள். இந்த அண்ணாச்சி, "பிரிச்சுப் பாருங்க டீச்சர், திரும்பக் கட்ட வாழைநார் கெடக்கு" என்பார். அந்தப் பேச்சுக்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

கீழாநெல்லிக் கட்டு 20 ரூபாய். வேரோடு பிடுங்கியது, வண்டல் ஒட்டியிருக்கும். மண்ணுக்கும் சேர்த்துக் காசா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித்தான் வேண்டும். வேர், தண்டு, இலை, காய் எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தால்தான் செடி இன்னதென்று உறுதியாகச் சொல்லலாம். மழைக்குப் பின் ஒரே வரப்பில் இதன் பங்காளிகளும் கூடவே முளைத்துவிடுகின்றன.

ஒரு பக்கக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் புளிய இலை மாதிரி கூட்டிலையாகத் தெரியும். திருப்பிப் பிடித்தால் ஒவ்வொரு சின்ன இலையின் அடியிலும் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய் வரிசையாகத் தொங்கும். கூட்டிலையின் சிற்றிலைகளுக்கு அடியில் காய் பிடிக்காது. ஆகவே இது கிளைதான், அதில் இருப்பவை தனித்தனி இலைகள். காய் வழவழப்பாக, சிறு காம்போடு இருந்து, தண்டும் பச்சையாக இருந்தால் அது பில்லாந்தஸ் அமாரஸ், நாம் தேடி வந்த கீழாநெல்லி. காய்க்குக் காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரப்பாக இருந்து, தண்டில் சிவப்பு ஓடினால் அது பில்லாந்தஸ் யூரினேரியா. இன்னொரு பங்காளியான மேலாநெல்லியைப் பிரிப்பது இன்னும் சுலபம். இலை அடியில் குறுகி நுனிப்பக்கம் அகன்றிருக்கும், கூட்டிலைத் தோற்றமும் வராது.

சந்தேகம் தீரவில்லை என்றால் முற்றிய காயை நகத்தால் உடைத்துப் பத்து மடங்கு லென்ஸில் விதையைப் பாருங்கள். ஒரு காயில் ஆறு விதை. கீழாநெல்லி விதையின் முதுகில் வரிகள் நெடுக்காக ஓடும், யூரினேரியாவில் குறுக்காக.

பொட்டலத்துக்கு வருவோம். அதே கடையில் சீட்டு ஒட்டிய 100 கிராம் உலர் சரக்கும் இருக்கிறது, வெளியூரிலிருந்து வருவது. வாங்கிச் செய்தித்தாளில் கொட்டினேன். இந்தச் செடி காய்ந்தால் இலையை உதிர்த்துவிடும். அதனால் பெரும்பாலும் குச்சியும் தூசியும்தான், நடுவில் ஒரு கோரைக்கிழங்கு வேறு. அடியில் தங்கிய விதைகளை லென்ஸில் பார்த்தால் நெடுக்கு வரியும் குறுக்கு வரியும் கலந்து கிடந்தன. அண்ணாச்சியிடம் காட்டினேன். "வர்றத விக்கோம் டீச்சர்" என்றார். சரி, அவர் மட்டும் என்ன செய்வார்? பொடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பச்சையாக இருக்கிறது, கசக்கிறது, அதற்குமேல் யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு ஆராய வேண்டுமா என்று என் மருமகள் கேட்கிறாள். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அமாரஸ் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கொடுத்த செடி எது, எங்கே வளர்ந்தது என்ற விவாதமும் கூடவே எழுந்தது. ஆய்வுக்கூடத்திலேயே அந்தக் கேள்வி வருகிறதென்றால் பொட்டலத்தைப் பற்றி என்ன சொல்ல? ஒன்று, கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பித்தக்கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், மோரில் அரைத்துக் குடித்துவிட்டுக் காத்திருக்கிற விஷயமில்லை அது.

கட்டிலும் ஒரு குறை உண்டு. எங்கே பறித்தது என்று கடைப் பையனிடம் கேட்டால் "வரப்புல" என்கிறான். பிசான நெல் சாகுபடி (மழைக்காலப் பருவம்) நேரத்தில் வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணாச்சி இருக்கும்போது கேளுங்கள். கோடகன் கால்வாய்ப் பக்கமிருந்து கொண்டுவரும் அம்மாவிடம் விசாரித்துச் சொல்வார். கோடையில் பச்சைக் கட்டு அருமை. அப்போது சாக்கில் மேலாநெல்லி உட்கார்ந்திருக்கும், ஆனால் இன்னதென்று சொல்லித்தான் கொடுக்கிறார்.

ஐப்பசி மழை விழுந்து சில வாரம் கழித்துப் போனால் நல்ல கட்டு கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள், உச்சி வெயிலில் இலை கூம்பிவிடும். பூ மட்டும் உள்ள இளங்கட்டாக இருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் காயோடு வரும்.