கனடா பிஆர் கார்டை 'இங்கிருந்தே ரினியூ பண்ணித் தர்றோம்' என்றால் நம்பாதீர்கள்

நேற்று சாயங்காலம்தான் அந்த ஆபீஸ் படியிறங்கினேன். இன்னும் மனசு ஆறவில்லை. ரூ.85,000 போய்விட்டது.

அப்பாவுக்குப் பக்கவாதம் என்று டொராண்டோவிலிருந்து திருச்சி வந்த நான், இரண்டரை வருடத்துக்கு மேல் இங்கேயே தங்கவேண்டியதாயிற்று. பிஆர் கார்டு, அதாவது கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான அட்டை, முடிய ஒரு மாதம் இருந்தது. டிக்கெட் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று இங்குள்ள ஒரு விசா கன்சல்டன்சிக்குப் போனேன்.

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அந்த ஆள். "இப்ப போனா ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க சார். ரினியூ பண்ணிட்டு நிம்மதியா போங்க." நடுவே அப்பாவின் பிசியோதெரபி பற்றி விசாரித்தார். தன் அப்பாவும் இப்படித்தான் படுக்கையில் கிடந்தார் என்றார். அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து போனிலேயே ரூ.85,000 அனுப்பினேன். ரசீதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும்தான் இருந்தது.

மூன்று மாதம். "ஃபைல் டெல்லில இருக்கு." "அங்க லீவு சார்." அப்ளிகேஷன் நம்பர் கேட்டால், "மேடம் வரட்டும்." அதற்குள் கார்டு காலாவதியாகிவிட்டது. நேற்று நேரில் போய்க் கேட்டேன். "காசு சர்வீஸுக்குத்தான் சார், ரிசல்ட்டுக்கு இல்ல" என்றார். அப்பா எப்படி இருக்கிறார் என்று இந்த முறை கேட்கவில்லை.

ராத்திரி கனடா அரசின் இணையதளத்தைப் படித்தபோது வயிறு எரிந்தது. புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பவர் கனடாவுக்குள் இருக்கவேண்டும். நடக்கவே நடக்காத வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறார்! கார்டு முடிந்தால் பிஆர் போய்விடாது. ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்திருந்தால் போதும். வெளிநாட்டில் கார்டு முடிந்துபோனால் விமானம் ஏறுவதற்கு பிஆர்டிடி என்று ஒரு பயண ஆவணம் உண்டு, கட்டணம் 50 கனடா டாலர். கார்டு இருந்தபோதே கிளம்பியிருந்தால் அதுகூட வேண்டியதில்லை.

இதில் நாள் கணக்கு இன்னும் மோசம். அந்த ஐந்து வருடத்தை விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். நான் அங்கே இருந்ததெல்லாம் ஆரம்ப வருடங்களில், அதனால் தினமும் ஒரு நாள் கழிகிறது. அந்த ஆபீஸுக்குப் போன அன்று 835 நாள் இருந்தது. இன்றைக்கு 745. இன்னும் மூன்று வாரம் அந்த மேடத்துக்காகக் காத்திருந்தால் 730-க்குக் கீழே போயிருக்கும்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கார்டு காலாவதியாகும் முன்பே கிளம்புங்கள். ஆலோசகருக்குக் கனடா உரிமம் இருக்கிறதா என்று, உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பிஆர்டிடியை மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இன்று காலை பிஆர்டிடிக்கு நானே ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டேன். ரூ.85,000-க்கான புகாரை நாளை கமிஷனர் ஆபீஸில் கொடுக்கிறேன்.